பாதபீடம் மிதந்த நாள்

எங்கள் அதிபதியின் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எங்கள் ஊர் கரங்சாரியில் ஒருவனுக்கும் தெரியாது. அரண்மனையில் போய்க் கேட்டாலும் தெரியாது. மந்திரியிலிருந்து மண்டபம் பெருக்குகிறவன் வரை எல்லோரும் அவருடைய பாதங்களை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அதிலும் பாதரட்சை மறைத்தது போக மிச்சத்தை. அந்தப்புரத்துப் பெண்களுக்கு முகம் தெரிந்திருக்கும். ஆனால் அவர்களை யாரும் பார்க்க முடியாது என்பதால் கேட்கவும் முடியாது. என் அப்பா காலத்தில் ஒரு அதிபதி இருந்தார், அவர் போய் இப்போது அவர் மகன் இருக்கிறார் என்கிறார்கள். இருக்கலாம். பாதரட்சை அதேதான்.

அந்தப் பாதரட்சை தேக்கு மரத்தில் செய்து தங்கப்பூண் போட்டது. அதிபதி வாய் திறந்து பேசுகிற வழக்கம் கிடையாது. பாதரட்சையால் பாதபீடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் எழுந்திரு என்று அர்த்தம். இரண்டு தட்டினால் போகலாம். மூன்று தட்டினால் கேட்டது கிடைத்தது. ஜாவாவில் எங்கள் நாட்டைப் போலச் சிக்கனமாகப் பேசும் அரசாங்கம் வேறு இருக்காது என்று எங்கள் மந்திரி பெருமையாகச் சொல்வார். அவர் சொல்கிற வேளையில் நாங்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த வருஷம் அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருந்தபோது, அரண்மனைக் குளத்தில் தண்ணீர் குறைந்துவிட்டதென்று ஆற்று மதகை அடைத்துவிட்டார்கள். இளைய ராணிக்குப் படகில் போக ஆசையாம். ஆசைப்படட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் மதகை அடைத்தால் ஆற்றுத் தண்ணீர் குளத்துக்கும் போகும், தேங்கித் திரும்பி மதகுக்கு மேற்புறமுள்ள எங்கள் வயலுக்கும் வரும். அந்த நேரம் பார்த்துக் காலமில்லாக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. முற்றிய பயிர் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. கதிர் முழுகினால் நெல் செடியிலேயே முளைத்துவிடும். அப்புறம் அடுத்த அறுவடை வரை மரவள்ளிக் கிழங்கு, அதுவும் கிடைத்தால்.

மதகுக் காவலரிடம் போய்க் கெஞ்சினோம். அவர் ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மனசாரப் பேசினார். "எனக்கு மட்டும் கண்ணு இல்லையா? என் மச்சான் வயலும் அங்கதான் கெடக்கு. ஆனா மூணு தட்டு விழாம பலகையைத் தூக்கினா என் தலையைத் தூக்கிருவாங்கப்பா."

யாராவது அரண்மனைக்குப் போய்த் தட்டு வாங்கி வரவேண்டும். பொனிமான் போகட்டும் என்று ஊர் சொன்னது. பொனிமான் நாற்பது வயது ஆள், வாட்டசாட்டமானவன், எதையும் நேராகச் சொல்லிவிடுவான். அவன் வயல்தான் எல்லாவற்றிலும் பள்ளம். அதனால் அவசரமும் அவனுக்குத்தான் அதிகம். எங்கள் பக்கத்தில் மூத்தவனை 'காங்' என்று கூப்பிடுவோம், பெண்டாட்டியும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் மனைவி துமினா அவன் தோளில் ஒரு துண்டைப் போட்டு அனுப்பினாள்.

"காங், போனோமா சொன்னோமான்னு வந்துடணும். சாயங்காலத்துக்குள்ள தண்ணி கதிரைத் தொட்டுரும். அங்க போயி வாயைப் பாத்துக்கிட்டு நிக்காதே."

"நிக்கவா? போயிட்டு இப்ப வந்துடறேன்" என்றான் பொனிமான். நிற்க விடமாட்டார்கள் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

அரண்மனை வாசலில் அவனை மங்குன்தோயோ பிடித்துக்கொண்டார். சடங்கு அதிகாரி. மெலிந்த மனிதர். வாழ்நாள் முழுக்கக் குனிந்து குனிந்து, நிமிர்ந்து நிற்கும்போதும் முன்பக்கம் வளைந்தே இருந்தார்.

"எங்க, குனிஞ்சு காட்டு" என்றார்.

பொனிமான் குனிந்தான்.

"என்ன இது?"

"குனிஞ்சிருக்கேன் எசமான்."

"இது நாத்து நடுற குனி. மரியாதைக் குனி இல்ல. பின்பக்கம் வானத்தைப் பாக்குது. அதிபதி உன்னைப் பாக்கணுமா, உன் பின்பக்கத்தைப் பாக்கணுமா?"

"ரெண்டும் வேணாம் எசமான். மதகைத் திறந்தாப் போதும்."

மங்குன்தோயோ பெருமூச்சு விட்டார். "வயல்ல குனியும்போது யாருக்குக் குனியிறே?"

"சேத்துக்கு."

"சேறு உனக்கு என்ன குடுக்குது?"

"நெல்லு."

"இங்க நெல்லை மனசில வெச்சுக்கிட்டுக் குனியக் கூடாது. அதுக்குப் பேரு வேலை. ஒண்ணுமே கிடைக்காதுன்னு தெரிஞ்சு குனியிறதுதான் பக்தி. அது பரம்பரையா வரணும். போகட்டும், உனக்கு அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. குந்தி நட."

குந்தியபடியே நடக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு கும்பிடு. கிராமத் தலைவருக்கு என்றால் கட்டைவிரல் மார்பில், மந்திரிக்கு என்றால் முகவாயில், அதிபதிக்கு மூக்கு நுனியில். பொனிமானின் மூக்கு சப்பை. நுனி எது என்று தீர்மானிப்பதற்குள் மழை இன்னொரு தடவை பெய்து ஓய்ந்தது.

கடைசியாக மங்குன்தோயோ குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணை மறந்துடாதே. பாதபீடத்துக்கு மேல பார்வை போகக் கூடாது. அதிபதியோட முகத்தைப் பாத்தவன், அப்புறம் ஆயுசுக்கும் எந்தத் தலைக்கும் மேல தன் தலையை வெச்சுக்கக் கூடாது. பச்சப் பிள்ளைகூட அவனுக்கு மேலதான் இருக்கணும்."

"இதுவரைக்கும் யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"பாத்தவன் பாத்தேன்னு சொல்லுவானா? போ உள்ள."

மண்டபத்தில் அதிகாரிகள் வரிசை வரிசையாகக் குப்புறக் கிடந்தார்கள். கூரை மட்டும் உள்ள திறந்த மண்டபம். அதனால் சாரலும் உள்ளே வந்து அவர்களோடு படுத்துக்கொண்டது. எல்லோருக்கும் முன்னால் மந்திரி விர்யோகுசுமோ, பருத்த உடம்பு, குப்புறப் படுக்க வயிறு இடிப்பதால் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்கிற வாக்கில் கிடந்தார். அவருக்கு முன்னால் பாதபீடம். அதன்மேல் பாதரட்சை, பாதரட்சையில் இரண்டு பாதங்கள். மேலே எங்கிருந்தோ வெற்றிலை மெல்லும் சத்தம் வந்தது.

பொனிமான் தரையில் நெற்றியை வைத்துத் தன் முறையீட்டைத் தரையிடம் சொன்னான். "மதகு அடைச்சதுல எங்க நெல்லு முழுகுது. தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு. தயவு பண்ணித் திறக்கச் சொல்லுங்க."

குடியானவன் பேச்சு நேராக அதிபதியின் பாதத்துக்குப் போகக் கூடாது. மங்குன்தோயோ அதை எடுத்துத் துடைத்து மந்திரிக்குக் கொடுத்தார். "கரங்சாரிக் குடிமக்கள் நீர்வளத்தால் திக்குமுக்காடுகின்றனர். இடுப்பளவு செழிப்பு ஏற்பட்டுள்ளது."

மந்திரி அதை இன்னும் துடைத்துப் பாதரட்சைக்குச் சமர்ப்பித்தார். "எம்பெருமானே, தங்கள் கருணை கரங்சாரியில் இடுப்பளவு பெருகியிருப்பதாகக் குடிமக்கள் நன்றி சொல்ல வந்திருக்கின்றனர். இன்னும் பெருகட்டும் என்று வேண்டுகின்றனர்."

பொனிமானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, நன்றி இல்ல எசமான்" என்றான் தரையிடம். மங்குன்தோயோ பக்கத்திலிருந்தபடியே அவன் காதைத் திருகினார்.

மேலிருந்து தட்டு வரவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. வெற்றிலை மெல்லும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அதிபதி யோசிக்கிறார்" என்று மந்திரி அறிவித்தார்.

"அதிபதி யோசிக்கிறார்" என்று எல்லா வரிசைகளும் தரைக்குச் சொல்லின.

பொனிமான் பொறுத்துப் பார்த்தான். அவன் கண்ணுக்கு நேரே பாயின் கோரை மட்டும் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வயல் நினைவு வந்தது. துமினா வரப்பில் நின்று தண்ணீர் மட்டத்தையும் அரண்மனைப் பாதையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். யோசிக்கிற முகம் எப்படி இருக்கிறது, இந்தப் பக்கம் சாய்கிறதா அந்தப் பக்கம் சாய்கிறதா என்று பார்த்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. தலையை ஒரு விரல்கடை தூக்கினான்.

ஆசனத்திலிருந்து ஒரு மனிதர் இறங்கிக்கொண்டிருந்தார். முன்வழுக்கை, தொங்கின கன்னம், வாய் ஓரத்தில் வெற்றிலைச் சாறு. பாதரட்சையைச் சத்தமில்லாமல் பாதபீடத்திலேயே கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலோடு பின்திரையை நோக்கி நழுவினார். கைநிறையப் புறாத் தீனி. திரும்பியவர் பொனிமானின் கண்களைப் பார்த்துவிட்டார். அப்படியே நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருட்டு முழி முழித்தார்கள். பிறகு அந்த மனிதர் உதட்டில் விரலை வைத்து, 'சொல்லிவிடாதே' என்பது போலத் தலையாட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். பொனிமான் நெற்றியைத் தரையில் பதித்துக்கொண்டான்.

இப்போது அவன் நிலைமையைப் பாருங்கள். எழுந்திரு என்று தட்ட ஆள் இல்லை. ஆள் இல்லை என்று சொன்னால், பார்த்தாயா என்பார்கள். பார்த்தேன் என்றால் ஆயுள் முழுக்கத் தலை எழாது. பார்க்கவில்லை என்றால் உடம்பே எழாது. இதற்கு நடுவில் கரங்சாரியில் நெல் முழுகிக்கொண்டிருக்கிறது.

குளம் அதற்குள் நிறைந்துவிட்டது. நிறைந்த குளத்துக்குப் படகு விடத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. தண்ணீர் தோட்டத்தைத் தாண்டி, படியேறி, மண்டபத்துக்குள் வந்தது. முதலில் பாய் நனைந்தது. பிறகு கைலிகள் நனைந்தன. பிறகு முன்வரிசையின் மூக்குகளை எட்டியது.

"எசமான்" என்றான் பொனிமான், "மூக்கு முழுகுது."

மங்குன்தோயோவுக்கும் முழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சம்பிரதாயத்தில் இதற்கு வழி உண்டா என்று மந்திரியிடம் கேட்க வேண்டியிருந்தது. மந்திரி கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "இந்தத் தண்ணீர் அதிபதியின் குளத்துத் தண்ணீர். ஆகவே நம்மைவிட மேலானது. தண்ணீர் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு மட்டும் நாமும் உயரலாம். ஒரு மயிரிழைகூட அதிகம் உயரக் கூடாது."

மூக்குகள் எல்லாம் தண்ணீர் மட்டத்தில் வந்து நின்றன. பின்வரிசையில் யாரோ தும்மினார்கள். தும்மும்போது தலை உயர்ந்ததா என்று விசாரிக்க இரண்டு பேர் நியமிக்கப்பட்டார்கள். விசாரிக்க வேண்டுமானால் பார்க்க வேண்டும் என்பதால் அந்த விசாரணை இன்றுவரை முடியவில்லை.

இதற்குமேல் பொனிமானுக்குத் தாங்கவில்லை. "எசமான், ஆசனத்துல யாருமே இல்ல" என்று முணுமுணுத்துவிட்டான்.

மங்குன்தோயோ வெலவெலத்துப் போனார். "உனக்கு எப்படித் தெரியும்? பாத்தியா?"

"இல்ல... பாக்கல... சும்மா தோணுச்சு."

"தோணவும் கூடாது!"

மந்திரி விர்யோகுசுமோ முகத்தைத் திருப்பாமல், தண்ணீர்மேல் உதட்டை வைத்துக்கொண்டு, அமைதியாகப் பேசினார். அரசவைப் பேச்சில்லை, வீட்டுப் பேச்சு. "டேய், உனக்குத் தோணினது எனக்குத் தோணாதா? வெத்திலை மெல்லுற சத்தம் நின்னா ஆள் எழுந்து போயாச்சுன்னு அர்த்தம். பெரியவர் காலத்துலயும் இப்படித்தான். நான் மந்திரி ஆனதிலேர்ந்து பாதி நாள் காலி ஆசனத்தைத்தான் கும்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"அப்ப எழுந்துக்கலாமே எசமான்!"

"எழுந்துக்கலாம். இன்னிக்கு ஆள் இல்லேன்னு எழுந்துட்டா, நாளைக்கு ஆள் இருக்கும்போது ஏன் படுத்தோம்னு ஒருத்தன் கேப்பான். அவன் கேட்டுட்டா நான் யாரு? எனக்குப் பின்னாடி கிடக்கிறானே அவன் யாரு? எனக்கு முன்னாடி ஒரு செருப்பு இருக்கிறதாலதான்டா, எனக்குப் பின்னாடி இத்தனை முதுகு இருக்கு. படு."

பொனிமான் படுத்தான். அவன் மட்டும் இல்லை, மந்திரியும்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறார் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் பாதபீடம் அசைந்தது. மரப்பீடம். தண்ணீர் அதைத் தூக்கிவிட்டது. பாதரட்சைகளைச் சுமந்துகொண்டு அது மெதுவாக ஒரு வட்டம் போட்டது. தரையைப் பார்த்துக் கிடந்தவர்களுக்கு அதிபதியே புறப்படுவதாகத்தான் தோன்றியது. பாதரட்சை எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. பீடம் வலமாகச் சுற்றினால் அரசவையும் வலமாக நகர்ந்தது. இடமாகச் சுற்றினால் இடமாக. கடைசி வரிசை முதல் வரிசையாகி, முதல் வரிசை கடைசியாகி, பதவி உயர்வும் பதவி இறக்கமும் பலருக்கும் அங்கேயே நடந்தன. பிறகு காற்று வந்து பீடத்தைப் படி வழியாக வெளியே தள்ளியது.

"எம்பெருமான் எழுந்தருளுகிறார்! பின்தொடர்க!" என்றார் மந்திரி.

குந்தியும் தவழ்ந்தும் நீந்தியும் அரசவை முழுதும் பாதரட்சையின் பின்னால் போயிற்று. பொனிமானும் போனான். எழுந்திருக்கத்தான் தடை, தவழத் தடையில்லை. பீடம் தோட்டத்தைத் தாண்டிக் குளத்தில் மிதந்து ஆற்றுக்குள் இறங்கி, நேராக மதகுப் பலகையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

நாங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் காலையிலிருந்து மதகுக்கு இந்தப் பக்கக் கரையில்தான் நின்றுகொண்டிருந்தோம். நாட்டின் பெருந்தலைகள் எல்லாம் சேற்றில் தவழ்ந்து வருவதை நான் கண்ணால் பார்த்தேன். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கதிருக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் மிச்சம் இருந்தது.

"காங்!" என்று துமினா கத்தினாள். "தட்டு வாங்கினியா?"

பொனிமான் தண்ணீரில் தவழ்ந்தபடியே இல்லை என்று தலையாட்டினான்.

அப்போது தோட்டத்து வழியாக ஒரு மனிதர் அரக்கப் பரக்க ஓடி வந்தார். வெறும் கட்டம்போட்ட கைலி, வெறுங்கால், தோளில் புறா எச்சம். "நிறுத்துங்கய்யா! அது என் செருப்பு!" என்றார்.

அரண்மனைக் காவலர்கள் அவரை ஒரே அமுக்காக அமுக்கிச் சேற்றில் குப்புறப் போட்டார்கள்.

"யார்ரா நீ? பாதரட்சைக்கு முன்னாடி நிமிந்து நிக்கிறே!" என்றார் மங்குன்தோயோ.

"நான்தான்யா அதிபதி!"

மங்குன்தோயோ அவர் கிடந்த கோலத்தைப் பார்த்தார். பாவம், அந்த மனிதர் பிறந்தது முதல் யாருக்கும் குனிந்ததில்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். "இவனா அதிபதி? பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. கும்பிடத் தெரியாத ஜென்மம். கரங்சாரிக்காரன்கூட இதைவிட நல்லாப் படுப்பான்."

"செருப்பைக் குடு, தட்டிக் காட்டறேன்!"

"யாருன்னு தெரியாதவன் பாதரட்சையைத் தொட்டாத் துரோகம். நீ அதிபதின்னு தெரிஞ்சாத்தான் தொடலாம்."

"தொட்டாத்தானேய்யா தெரியும்!"

மந்திரி விர்யோகுசுமோ இதற்குள் கண்களை இறுக மூடிக்கொண்டுவிட்டார். ஒருவேளை அவராகவே இருந்துவிட்டால் பார்த்த குற்றம் வந்துவிடுமே. மூடிய கண்ணோடு கேட்டார். "இந்த ஆள் முகத்தை அடையாளம் சொல்லக்கூடியவர் யாராவது உண்டா?"

அரசவை தண்ணீரைப் பார்த்தது. சேற்றில் கிடந்த மனிதரின் கண் எல்லாத் தலைகளையும் தாண்டிப் பொனிமானிடம் வந்து நின்றது.

"நீ! நீ பாத்தியே! சப்பை மூக்கா, நீதானே பாத்தே! சொல்லுப்பா!"

பொனிமான் தண்ணீரில் முழங்காலிட்டு நின்றான். நான் அவனுக்கு எதிரே கரையில் நின்றிருந்தேன். அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. அவன் முதலில் அந்த மனிதரைப் பார்த்தான். பிறகு வயலைப் பார்த்தான். அப்புறம் துமினாவைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தன் போக்கில் நடந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். நிமிர்ந்தே போயிருக்கலாம். சாப்பிட ஒன்றும் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

"மதகைத் திறக்கச் சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

"சொல்றேன், சொல்றேன்! முதல்ல என்னை எழுப்பு!"

"இவர்தான் அதிபதி" என்றான் பொனிமான். "மண்டபத்துல நான் தலையைத் தூக்கிப் பாத்தேன். புறாத் தீனி எடுத்துக்கிட்டுப் போனாரு."

மந்திரி கண்ணைத் திறக்காமலே தீர்ப்பை அடுக்கினார். "முகத்தைப் பார்த்ததாகக் குற்றவாளி ஒப்புக்கொள்கிறான். பார்த்தது குற்றமென்றால் அது அதிபதியின் முகம்தான். அதிபதியின் முகம்தான் என்றால் இவர் அதிபதி. தெளிவாக இருக்கிறது."

காவலர்கள் கையை எடுத்தார்கள். அந்த மனிதர் பாதரட்சைக்குள் காலை நுழைத்தார். நுழைத்த அந்தக் கணமே சுற்றிலும் இருந்த அத்தனை தலைகளும் தண்ணீருக்குள் போயின. மறுபடியும் அவரைப் பார்க்க ஒருவரும் இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மதகுக் கல்லின்மேல் மூன்று தட்டுத் தட்டினார்.

மதகுக் காவலர் பலகையைத் தூக்கினார். அடைபட்ட ஆறு அவ்வளவும் ஒரே மூச்சில் கீழே இறங்கியது. தண்ணீர் வடிய வடியக் கதிர்களுக்குக் கீழே தாள்கள் வெளியே தெரிந்தன. துமினா வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நாங்களும் அழுதோம், அதில் என்ன வெட்கம்?

பொனிமான் அப்படியே தவழ்ந்த நிலையில் காத்திருந்தான். அதிபதி அவனருகில் வந்து நின்றார். பாதரட்சை கொஞ்சம் தயங்கியது. தட்டப் போவது போல உயர்ந்து, தட்டாமல் இறங்கியது. பிறகு ஒரு தட்டுக்கும் இரண்டு தட்டுக்கும் நடுவில் என்னவோ ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு நடந்துபோய்விட்டது.

"எசமான், அது என்ன தட்டு?" என்று பொனிமான் மந்திரியிடம் கேட்டான்.

மந்திரி அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "மன்னிக்க நினைச்சிருப்பார்னு தோணுது" என்றார். "ஆனா மன்னிப்புக்கு எத்தனை தட்டுன்னு சம்பிரதாயத்துல இல்லையே. நான் என்ன பண்ண? தண்டனை நிக்கும். போ. குந்திக்கிட்டே போ."

பொனிமான் குந்திக்கொண்டே ஊருக்கு வந்தான். அவன் தலை எவர் தலைக்கும் மேலே இருக்கக் கூடாது. வரப்பில் குழந்தை ஒன்று விளையாடினால் படுத்துக் கடந்தான். கோழிக்கும் விதி பொருந்துமா என்று ஒருநாள் கேட்டான். வாட்டசாட்டமான மனுஷன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தவளை மாதிரிப் போவதைப் பார்க்க எங்களுக்கு வயிறு எரிந்தது. அவன் தலைகொடுத்துக் காப்பாற்றிய நெல்லை நாங்கள் நிமிர்ந்து நின்று தூற்றிக்கொண்டிருந்தோம்.

புதுநெல்லுச் சோறு பொங்கிய அன்று, தண்டனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க மங்குன்தோயோ கிளம்பி வந்தார். ஊர் முழுக்கக் களத்தில் கூடியிருந்தது. பொனிமான் நடுவில் குந்தியிருந்தான். தூரத்தில் அவருடைய உத்தியோகக் குடையைப் பார்த்ததும், யார் முதலில் செய்தது என்று தெரியாது, மதகுக் காவலரின் மச்சானாக இருக்கலாம், ஒருவன் பொனிமானை விடத் தாழக் குந்தினான். சட்டப்படி பொனிமான் அவனுக்கும் கீழே போக வேண்டும். போனான். இன்னொருவன் அவனுக்கும் கீழே போனான். நான் படுத்தேன். என் பெண்டாட்டி பிள்ளைகள் படுத்தார்கள். மங்குன்தோயோ களத்துக்கு வந்து சேர்ந்தபோது கரங்சாரி மொத்தமும் வைக்கோலில் குப்புறக் கிடந்தது.

"இதுல பொனிமான் யாரு?" என்றார்.

ஒரு முதுகும் பேசவில்லை.

அவர் ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார். எல்லாம் நாற்று நடுகிற முதுகுகள். முகம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குனிந்து பார்த்தார், தெரியவில்லை. முழங்காலிட்டுப் பார்த்தார். கடைசியில் அவரும் கன்னத்தைத் தரையில் வைத்து, மூக்கு மூக்காகத் தேடிக்கொண்டு தவழ்ந்து வந்தார். என்னைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். களைத்துப்போன முகம். அதையும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

அந்த நேரத்தில் துமினா சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் களத்தில் நின்றுகொண்டிருந்தது அவள் ஒருத்திதான். எங்களைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், குடைக்காரரைத் தேடித் தரையில் கண்டுபிடித்தாள்.

"என்ன கூத்து இது? போதும், எழுந்திருங்க எல்லாரும். சோறு ஆறுது."

இத்தனை நாளாக யாரும் சொல்லாத வார்த்தை. ஒவ்வொருவராக எழுந்தோம். பொனிமான் எங்களைப் பார்த்தான், தரையோடு கிடந்த மங்குன்தோயோவைப் பார்த்தான், துமினாவைப் பார்த்தான். பிறகு மெல்ல, கையை ஊன்றி, முழுசாக எழுந்து நின்றான். இத்தனை நாள் மடங்கிக் கிடந்த முழங்கால், களம் முழுக்கக் கேட்கும்படி 'டக்' என்றது.

ஒரு தட்டு. அந்தச் சத்தத்துக்கு மங்குன்தோயோ பழக்க தோஷத்தில் கை கூப்பியபடி தானாக எழுந்துவிட்டார். கட்டைவிரல் மூக்கு நுனியில் இருந்தது. எதிரே பொனிமான் நின்றுகொண்டிருந்தான். கும்பிட்ட கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் விழித்தார்.

துமினா அந்தக் கைகளில் ஒரு வாழையிலையைத் திணித்து, அதில் சோறும் சம்பலும் வைத்தாள்.

"உக்காந்து சாப்பிடுங்க எசமான்" என்றாள். "புதுநெல்லு."